பெருத்த பானையும் சிறுத்த கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

இன்றைய கூட்டத்தில் எதைப்பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று செயலாளர் எம்மிடம் கேட்டார். சமயம் என்றோ இலக்கியம் என்றோ விடை வரும் என அவர் எதிர்பார்த்திருப்பார். கணக்கு என்றதும் அவர் முகம் சற்று வாடியது. வாடவேண்டியதில்லை. இது பரீட்சைக் கணக்கு அன்று. அடுப்படியிலும் சந்தையிலும் கோயிலிலும் இருக்கின்ற கணக்கு. இன்று நம் சங்கக் கட்டிடத்தின் மேல்மாடியிலும் வந்து நிற்கின்ற கணக்கு. மேல்மாடி விடயத்தைக் கடைசியில் சொல்வோம். முதலில் ஒரு பொங்கற் கதை.

நாம் இளைஞராய் இருந்த காலத்தில் ஒரு தைப்பொங்கலுக்குக் கொட்டாஞ்சேனையில் பொதுப் பொங்கல் ஒன்று வைத்தோம். அதற்கு முந்திய ஆண்டு, ஏறத்தாழ 30 சதம மீற்றர் அகலமும் அதே அளவு உயரமும் உள்ள ஒரு பானையில் 3 கிலோ அரிசி போட்டுப் பொங்கினோம். வந்தவர்களுக்குப் போதவில்லை. ஆகவே இம்முறை இரண்டு பங்கு பொங்குவதென்று தீர்மானித்து, இரண்டு பங்கு பெரிய கிடாரம் ஒன்றை இரவல் வாங்கினோம். அகலம் 60, உயரம் 60. சரியாக இரண்டு பங்கு அல்லவா? அரிசியும் 6 கிலோ. பால், சர்க்கரை, பயறு யாவும் இரண்டு பங்கு. கணக்கில் ஒரு பிழையும் இல்லை என்ற மகிழ்ச்சியோடு அடுப்பை மூட்டினோம்.

சூரியன் மேலே வந்தான். பால் கொதித்தது. எல்லோரும் சுற்றி நின்று, பால் பொங்கி வழியும் அந்த நேரத்துக்காகக் காத்திருந்தோம். பையன்கள் வெடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பால் பொங்கத்தான் செய்தது. ஆனால் கிடாரத்தின் வயிற்றுக்குள்ளேயே பொங்கி அங்கேயே அடங்கிவிட்டது. வாய்விளிம்பை அது எட்டவேயில்லை. எட்டிப் பார்த்த ஆச்சி ஒருவர் சொன்னார்: "தம்பியவை, பானையைப் பெருப்பிச்சனீங்கள், கணக்கைப் பெருப்பிக்கேல்லையே!"

அன்று வெட்கத்தோடு சிரித்தோம். பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். சிறிய பானை கொள்வது ஏறத்தாழ 21 இலீற்றர். பெரிய கிடாரம் கொள்வது ஏறத்தாழ 170 இலீற்றர். இரண்டு பங்கு என்று நாம் நினைத்தது உண்மையில் எட்டுப் பங்கு! ஆறு கிலோ அரிசிப் பொங்கல் அந்தக் கிடாரத்தின் காற்பங்கைத்தான் நிரப்பியது. வழியாதது அதன் குற்றம் அன்று.

ஏன் எட்டு? சீனிக்கட்டிகள் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான சிறு சதுரமுகி என்று வைத்துக்கொள்வோம். அதைப்போல இரண்டு பங்கு பெரிய சதுரமுகி ஒன்றை அடுக்க எத்தனை கட்டி வேண்டும்? நீளத்துக்கு இரண்டு, அகலத்துக்கும் இரண்டு வரிசை, ஆக ஓர் அடுக்குக்கு நான்கு. உயரத்துக்கு இரண்டு அடுக்கு, ஆக எட்டு. மூன்று பங்கு பெரிதாக அடுக்கினால் 27. பத்துப் பங்கு என்றால் 1000. நீளம் எத்தனை மடங்கு பெருகுகிறதோ, அந்த எண்ணை மூன்று தரம் தன்னோடு பெருக்கினால் கனவளவு எத்தனை மடங்கு பெருகியது என்பது தெரியும். இது சதுரமுகிக்கு மட்டும் உரிய விதியன்று. பானை, பூசணிக்காய், கோபுரம், யானை, எதுவாயினும் வடிவம் மாறாமல் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெருகினால் விதி ஒன்றேதான்.

ஆனால் மேற்பரப்போ இவ்வளவு பெருகுவதில்லை. சிறிய கட்டிக்கு ஆறு முகங்கள். எட்டுக் கட்டிகளால் ஆன பெரிய சதுரமுகியின் வெளிப்புறத்தை எண்ணிப் பாருங்கள்: 24 முகங்கள். அதாவது நான்கு மடங்கு. உள்ளே இருப்பது எட்டு மடங்கு. வெளியே இருப்பது நான்கு மடங்கு. இந்த எட்டுக்கும் நான்குக்கும் இடையிலுள்ள பிணக்கில்தான் நாம் இன்று சொல்லவந்த விடயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அதையும் பொங்கலே எமக்குக் கற்றுத்தந்தது. அடுத்த ஆண்டு நாம் கெட்டிக்காரராகிவிட்டோம் அல்லவா? அதே கிடாரத்தில் எட்டு மடங்காக 24 கிலோ அரிசியைப் போட்டோம். இம்முறை பால் வழிந்தது, வெடியும் வெடித்தது. ஆனால் பொங்கலை இறக்கியபோது அடி கரிந்திருந்தது. மேலே அரிசி வேகவில்லை. தீயின் சூடு உள்ளே போகும் வழி பானையின் அடியும் பக்கமுந்தானே? அந்த வழி நான்கு மடங்கு. சூடேறவேண்டிய பண்டமோ எட்டு மடங்கு. ஒவ்வொரு கிலோ அரிசிக்கும் கிடைத்த அடிப்பரப்புப் பாதியாகிவிட்டது. பொறுமையிழந்து நாம் விறகை அதிகம் தள்ள, அடி கரிந்தது. பெரிய அன்னதானங்களிற் கைதேர்ந்த சமையற்காரர்கள் ஒரே பெருங் கிடாரத்தை நம்பாமல் நாலைந்து அடுப்பு மூட்டுவதும், அகன்ற வாயுள்ள தாழ்ந்த பாத்திரங்களைத் தேர்வதும், துடுப்பை ஓயாமல் போடுவதும் இதனாலேதான். அவர்கள் கனமூலம் படித்தவர்கள் அல்லர், கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள்.

இதே விதி பிறந்த குழந்தையிடத்தும் உண்டு. சிறிய உடலுக்கு அதன் எடையோடு ஒப்பிடும்போது தோற்பரப்பு அதிகம். ஆகவே குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட விரைவாகச் சூட்டை இழக்கும். குளிப்பாட்டியவுடன் ஈரத்தைத் துடைத்துத் துணியாற் சுற்ற வேண்டும் என்று பாட்டிமார் அவசரப்படுவது வீண் பதற்றம் அன்று. உயிர்களின் உடலளவுக்கும் வாழ்முறைக்கும் உள்ள இந்தத் தொடர்பைப்பற்றி 1926 ஆம் ஆண்டில் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதியவர் ஹால்டேன் என்னும் ஆங்கில விஞ்ஞானி. அவர் 1957 இல் இந்தியாவுக்கு வந்து, பின்னர் இந்தியக் குடியுரிமையும் பெற்று, 1964 இல் புவனேசுவரத்திலே காலமானார்.

இனிச் சந்தைக்கு வருவோம். வெள்ளவத்தைச் சந்தையில் இரண்டு தேங்காய்கள். உரித்த தேங்காய் ஒன்றின் விட்டம் 10 சதம மீற்றர். மற்றதன் விட்டம் பன்னிரண்டரை. பார்வைக்குச் சிறிது வேறுபாடுதான். ஆனால் கனவளவில் இரண்டாவது ஏறத்தாழ இரண்டு மடங்கு! அப்படியானால் இரண்டு மடங்கு விலை கொடுக்கலாமா? இங்கேதான் நிதானிக்கவேண்டும். விதி சொல்வது, எல்லா அளவும் ஒரே விகிதத்திற் பெருகினால் என்பது. தேங்காய் பெருத்தாலும் பருப்பின் தடிப்பு அவ்வளவாகப் பெருப்பதில்லை. இரண்டிலும் பருப்பு ஒரு சதம மீற்றர் தடிப்பு என்று கொண்டு, சிரட்டையை விட்டுக் கணக்கிட்டால், பெரிய தேங்காயிற் பருப்பு ஏறத்தாழ 1.6 மடங்குதான். நடுவிலே உள்ள வெற்றிடமோ இரண்டேகால் மடங்குக்குமேல். நாம் கறிக்குத் துருவுவது பருப்பைத்தான், வெற்றிடத்தை அன்று. விதியை அறிவது பாதி. அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பார்ப்பது மறுபாதி.

பெருக்கத்தைப் போலவே குறைத்தலிலும் கண் ஏமாறும். பிள்ளையார் சதுர்த்திக்கு 1000 மோதகம் செய்யச் சொல்லி மாவும் பயறும் சர்க்கரையும் அளந்து கொடுக்கிறோம். செய்பவர் ஒவ்வொரு மோதகத்தையும் எல்லாப் பக்கமும் பத்தில் ஒரு பங்கு மட்டும் சிறிதாகப் பிடித்தால் ஒருவரும் கண்டுகொள்ளமாட்டார்கள். ஆனால் 0.9 ஐ மூன்று தரம் பெருக்கினால் 0.729. நூற்றுக்கு 27 பங்கு பண்டம் மீதி! அதே பண்டத்தில் 1370 மோதகம் பிடிக்கலாம். பிள்ளையார் கோபிக்கமாட்டார், ஆனால் கணக்குக் கேட்கும் பொருளாளர் இதை அறிந்திருப்பது நல்லது.

இந்தப் பிரச்சினை நம்மிடம் மட்டும் வந்ததன்று. பழைய வேதகாலத்து வேள்விக்குரியோர் செங்கல்லால் வேதி கட்டினார்கள். பருந்து வடிவான வேதி முதலில் ஏழரைச் சதுரப் புருட அளவு பரப்புடையது. அடுத்தடுத்துக் கட்டும்போது ஒவ்வொரு சதுரப் புருடமாக நூற்றொன்றரைவரை கூட்டவேண்டும். ஆனால் வடிவம் மாறலாகாது. சுல்ப சூத்திரங்கள் என்னும் நூல்கள் எழுந்தது இத்தகைய தேவைகளிலிருந்துதான். பரப்பை இரட்டிக்கப் பக்கத்தை இரட்டித்தல் தவறு, சதுரத்தின் மூலைவிட்டத்தையே புதிய பக்கமாகக் கொள்ளவேண்டும் என்பதைப் போதாயனர் அறிந்திருந்தார். இரண்டின் வர்க்கமூலத்துக்கு அவர் நூல் தரும் பெறுமானம் தசமத்தின் ஐந்தாம் இடம்வரை சரியானது.

பரப்பை விட்டுக் கனவளவுக்கு வந்தால் சிக்கல் வலுக்கிறது. கிரேக்கரிடையே ஒரு கதை வழங்குகிறது. தேலோசு என்னும் தீவிற் கொள்ளைநோய் பரவியபோது, அப்பொல்லோ தெய்வத்தின் சதுரமுகி வடிவப் பலிபீடத்தை இரண்டு மடங்காக்கினால் நோய் தீரும் என்று அசரீரி சொல்லிற்றாம். மக்கள் ஒவ்வொரு பக்கத்தையும் இரட்டித்துக் கட்டினார்கள். பீடம் எட்டு மடங்காயிற்று, நோய் தீரவில்லை. கொட்டாஞ்சேனையில் நாம் விட்ட அதே பிழை! இரண்டு மடங்கு கனவளவு வேண்டுமானால் பக்கத்தை 1.26 மடங்கு மட்டுமே நீட்டவேண்டும். இந்த நீளத்தை அளவுகோடில்லாத நேர்விளிம்பும் கவராயமும் மட்டுங்கொண்டு வரைய முடியாதென்று 1837 இல் வான்செல் என்னும் பிரெஞ்சுக்காரர் நிறுவினார். பொங்கற் பானைக்கு அவ்வளவு நுட்பம் வேண்டியதில்லை. நாம் 38 சதம மீற்றர் அகலமும் அதே உயரமும் உள்ள பானை ஒன்றை வாங்கியிருந்தால் 6 கிலோ அரிசிக்கு அளவாக இருந்திருக்கும், பாலும் வழிந்திருக்கும்.

இன்னுமொரு செய்தி. ஆரியபட்டர் 499 ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் கோளத்தின் கனவளவுக்குத் தந்த விதி பிழையானது. உண்மையைவிட மிகுதியான விடையைத் தரும். கூம்பகத்துக்கும் மூன்றிலொரு பங்கு என்பதற்குப் பதிலாகப் பாதி என்றே கொண்டார். பின்னர் 628 இல் பிரமகுப்தர் கூம்பகத்துக்கும், 1150 இல் பாஸ்கரர் தமது இலீலாவதியிற் கோளத்துக்கும் சரியான விதிகளைக் கூறினர். இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஆரியபட்டரின் பிழையான விதியிலும் ஆரையை இரட்டித்தால் விடை எட்டு மடங்காகவே வரும்! கனவளவு எவ்வளவு என்பதில் மேதைகளும் தவறலாம்; எத்தனை மடங்கு பெருகும் என்பது அந்தத் தவற்றினூடாகவும் மாறாமல் நிற்கிறது. ஆகவே பானையின் கொள்ளளவு தெரியாதவரும் விகிதத்தை அறிந்தால் பெரும் பிழையிலிருந்து தப்பலாம்.

நம் நாட்டிலேயே பெருங்கட்டிடம் ஒன்றைப் பாருங்கள். மூன்றாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆண்ட மகாசேன மன்னன் அநுராதபுரத்திற் கட்டத் தொடங்கிய சேதவனாராமத் தாதுகோபம் ஆதியில் 122 மீற்றர் உயரமாக இருந்தது என்பர். அதற்குச் சென்ற செங்கற்கள் 9 கோடியே 30 இலட்சம் அளவில் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதே வடிவில் அரைவாசி உயரத்துக்குக் கட்டினால் செங்கல் அரைவாசி போதுமா? ஒரு கோடியே 16 இலட்சம் போதும், எட்டிலொரு பங்கு. பத்திலொரு பங்கு உயரத்துக்கு 93 ஆயிரமே போதும். உயரத்தைச் சிறிது கூட்டு என்று மன்னன் ஒரு சொற் சொன்னால், செங்கற்சூளையில் எத்தனை பேர் எத்தனை ஆண்டு உழைத்தார்களோ!

அதிகமாவது செங்கல் மட்டுமன்று, சுமையும்தான். கலிலியோ 1638 இல் வெளியான தம் நூலில் இதைத்தான் விளக்கினார். எலும்பின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடலின் பாரமோ கனவளவைப் பொறுத்தது. மிருகம் இரண்டு மடங்கு பெருத்தால் எலும்பின் வலு நான்கு மடங்கு, பாரம் எட்டு மடங்கு. ஆகவே யானைக்கு ஆட்டின் கால் போதாது. உடலளவுக்கு மிஞ்சித் தடித்த கால் வேண்டும்.

கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிக் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்துக்குப் போகும்போது ஒருமுறை மேலே பாருங்கள். தூண்கள் எவ்வளவு தடிப்பு, எவ்வளவு நெருக்கம்! கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. கல் உத்தரம் ஒன்றை எல்லாப் பக்கமும் இரட்டித்தால் அதன் சொந்தப் பாரம் எட்டு மடங்காகி, கல்லின் ஒவ்வொரு பகுதிக்கும் வரும் நெருக்குதல் இரண்டு மடங்காகும். ஆகவே சிறிய கோயிலின் படத்தை அப்படியே பெரிதாக்கிப் பெரிய கோயில் கட்டமுடியாது. இதை அறிந்துதான் சிற்பாசாரிமார் இடைவெளியைச் சுருக்கித் தூண்களைப் பெருக்கினார்கள்.

இனி மேல்மாடிக்கு வருவோம்.

நம் வெள்ளவத்தைக் கட்டிடத்தின் மேல்மாடியில் ஒரு தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீற்றர். இப்பொழுது வகுப்புகளும் கூட்டங்களும் பெருகிவிட்டன, தண்ணீர் போதவில்லை. அந்தத் தாங்கியை எடுத்துவிட்டு இரண்டு பங்கு பெரிய தாங்கி ஒன்றை அதே நிலையத்தில் வைப்பதென்று சென்ற கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நன்கொடை தருவதற்கும் அன்பர் ஒருவர் முன்வந்திருக்கிறார். அவர் நல்லெண்ணத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் "இரண்டு பங்கு" என்ற சொல்லைக் கேட்டதும் எமக்கு அந்தக் கிடாரம் ஞாபகம் வந்தது.

கணக்கைப் பாருங்கள். இப்போதுள்ள தாங்கி கொள்வது 1000 இலீற்றர். தண்ணீரின் பாரம் 1000 கிலோ, அதாவது ஒரு தொன். எல்லாப் பக்கமும் இரண்டு மீற்றரான தாங்கி கொள்வது 8000 இலீற்றர், எட்டுத் தொன். ஒரு தொன்னுக்கென்று கட்டிய நிலையத்தின்மீது எட்டுத் தொன்! நிலையத்தின் கால்களையும் இரண்டு மடங்கு தடிப்பாக்கிவிடலாமே என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. தடிப்பு இரண்டு மடங்கானால் காலின் குறுக்குவெட்டு நான்கு மடங்கு. சுமையோ எட்டு மடங்கு. அப்பொழுதும் ஒவ்வொரு காலும் முன்னையிலும் இரண்டு மடங்கு நெருக்கப்படும். காலைத் தடிப்பாக்கினாலும் அதன் கீழுள்ள பழைய கூரைத்தட்டு எட்டுத் தொன்னைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. அந்தத் தட்டின் கீழ்தான் ஞாயிறுதோறும் நம் குழந்தைகள் தேவாரம் படிக்கிறார்கள்.

கிடாரத்திற் பிழைத்தால் பொங்கல் கரியும். பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். இங்கே பிழைத்தால் சிரிக்க முடியாது.

ஆகவே எமது வேண்டுகோள் மூன்று. முதலாவது, உண்மையில் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று ஒரு மாதம் அளந்து பார்ப்போம். இரண்டு பங்கே போதுமானால், ஒவ்வொரு பக்கமும் 1.26 மீற்றரான தாங்கியே 2000 இலீற்றர் கொள்ளும். இரண்டாவது, அந்த இரண்டு தொன்னைக்கூடத் தகுதிபெற்ற பொறியியலாளர் ஒருவர் கூரைத்தட்டையும் சுவரையும் பார்த்து எழுத்திற் சொன்ன பின்னரே மேலே ஏற்றுவோம். மூன்றாவது, கூடுதலாகத் தேவைப்பட்டால் நிலமட்டத்தில் ஒரு பெரிய தாங்கியை வைத்து, மேலே சிறியதைக் கொண்டே இயந்திரத்தால் நீரேற்றுவோம். பாரத்தை நிலம் சுமக்கட்டும். நம் பிள்ளைகளின் தலைக்குமேல் வேண்டாம். அளக்கும் வேலையை இளைஞர்களே ஏற்கவேண்டும். அளவு நாடாவும் குறிப்புப் புத்தகமும் போதும்.

அன்பர்களே, நம் சங்கமும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. சென்ற காலத்திற் பத்துப்பேர் கூடிச் செய்ததை இன்று பலர் கூடிச் செய்கிறோம். வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பெருகுகின்ற எதற்கும் தன்னைத் தாங்கும் கால்கள் தன் பெருக்கத்தையும் மிஞ்சித் தடிக்கவேண்டும் என்பதைப் பானையும் யானையும் கல்தூணும் ஒருமுகமாகச் சொல்கின்றன. கண் நீளத்தைத்தான் பார்க்கும். உள்ளே எவ்வளவு, பாரம் எவ்வளவு என்பதைக் கணக்குத்தான் காட்டவேண்டும்.

அடுத்த தைப்பொங்கலுக்குக் கிடாரம் வாங்கப்போகும் தம்பிமார் புறப்படுமுன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால், அன்று அந்த ஆச்சியிடம் நாம் வாங்கிக்கட்டிக்கொண்டது வீண்போகாது.